கிராஃபீன் சேர்த்த செராமிக்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடு செராமிக்) எத்தனை சதவீதம் கிராஃபீன் (மெல்லிய கார்பன் தகடு) போடலாம்?

கன அளவில் அரையிலிருந்து ஒன்று. அதற்கு மேல் போனால் தகடுகள் சேர்ந்து கட்டி தட்டும். அப்புறம், எடையா கன அளவா என்று சொல்லாமல் சதவீதம் பேசாதீர்கள். அலுமினாவின் அடர்த்தி 4, கிராஃபீனுக்கு 2.2. எடையில் 1 என்றால் கன அளவில் கிட்டத்தட்ட 2.

கேள்வி: கிராஃபீனின் வலிமை 130 ஜிகாபாஸ்கல். கலவைக்கு அதில் கொஞ்சமாவது வராதா?

வராது. 2008இல் குறையே இல்லாத ஒற்றை அடுக்கை நுண்ஊசியால் குத்தி அளந்த எண் அது. உங்கள் டப்பாவில் இருப்பது பல அடுக்குப் பொடி. விரிசல் வரும்போது தகடு கிரெயின்களுக்கு (செராமிக்கின் நுண்படிகங்கள்) நடுவிலிருந்து உருவிக்கொண்டு வர வேண்டும், அதில்தான் ஆற்றல் செலவாகிறது. இறுக ஒட்டிவிட்டால் விரிசல் தகட்டையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: விக்கர்ஸ் முறையில் விரிசல் தாங்குதிறன் 3.5இலிருந்து 6 MPa√m ஆனது. வளைப்பு வலிமையோ 400 மெகாபாஸ்கலிலிருந்து 290க்கு இறங்கிவிட்டது. எதை நம்புவது?

290ஐ. மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேடுகளில் பாதி இதே கதைதான், எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. வைர முனையால் குத்தி, மூலையில் கிளம்பும் கீறலை ஸ்கேல் வைத்து அளந்து, டஜன் சூத்திரங்களில் பெரிய விடை தருவதை எடுத்துக்கொள்வது அளவீடு ஆகாது. கறுப்புத் தகட்டுக்குள் நுழைந்த கீறலின் முனை மைக்ரோஸ்கோப்பில் தெரியாது; குட்டையாக அளந்தால் தாங்குதிறன் தானாக ஏறும். இந்த முறையைக் கைவிடச் சொல்லி செராமிக் ஆய்வாளர்கள் குவின்னும் பிராட்டும் 2007இலேயே எழுதிவிட்டார்கள். 2011இல் சிலிக்கன் நைட்ரைடில் 2.8 என்பது 6.6 ஆனதாக வந்த பிரபலமான எண்ணும் குத்தி எடுத்ததுதான்.

ஒரு கணக்குப் போடுங்கள். உடைவு தொடங்கும் குறையின் அளவு, தாங்குதிறனை வலிமையால் வகுத்து வர்க்கப்படுத்தியதற்கு ஏற்ப மாறும். 6 உண்மையென்றால், வலிமை 290க்கு இறங்க உள்ளே இருக்கும் குறை ஐந்தரை மடங்கு பெருத்திருக்க வேண்டும். அதாவது 45 மைக்ரான் கால் மில்லிமீட்டர் ஆகியிருக்க வேண்டும். உடைந்த முகத்தில் அது வெறுங்கண்ணுக்கே தெரியுமே, பார்த்தீர்களா? தாங்குதிறன் 3.5லேயே நின்றிருந்தால் குறை இரண்டு மடங்கானால் போதும். 85 மைக்ரான் கிராஃபீன் கட்டி. எனக்கு இதுதான் நடந்திருப்பதாகப் படுகிறது. முன்விரிசல் வைத்த சோதனைக் குச்சியை உடைத்து அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: குச்சியில் முன்விரிசலுக்குப் பதில் வைர ரம்பத்தால் வெட்டிய வாய் போதுமா?

போதாது. மழுங்கிய வாய் எண்ணை ஊதிக் காட்டும். பிளேடில் வைரப் பசை தடவித் தீட்டி, முனை ஆரத்தை 10 மைக்ரானுக்குள் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் (பொடியை அழுத்தியபடி மின்சாரத்தால் சூடாக்கி இறுக்குவது) செய்த வில்லையை எந்தத் திசையில் அறுப்பது?

இரண்டு திசையிலும். தகடுகள் அழுத்தும் அச்சுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். ஒரு திசை எண்ணை மட்டும் போட்டால் பாதி விஷயத்தை மறைக்கிறீர்கள்.

கேள்வி: காற்றில் 1000 டிகிரியில் ஓட்டலாமா?

கூடாது. 600 தாண்டினால் மேற்பரப்பு கிராஃபீன் எரிந்து ஓட்டைதான் மிஞ்சும்.

கேள்வி: கிராஃபீன் சேர்த்தேன், வலிமை கூடவில்லை. ஏன்?

கிரெயின் அளவு என்ன? அடர்த்தி? எத்தனை குச்சி உடைத்தீர்கள்? மூன்று என்றால் கடிதமே வேண்டாம், முப்பது உடைத்துவிட்டு வாருங்கள்.