கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வி கேட்டவர், தம்பதியர் இருவரும் வேலைக்குச் செல்வதாகவும், பள்ளி செல்லும் பிள்ளைகளும் வயதான மாமியாரும் வீட்டில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டு ஒழுங்குசெய்த வீடு புதன்கிழமைக்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். எங்கள் வீடும் ஏறக்குறைய அப்படித்தான். திருச்சியில், இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில், அத்தை, மாமா, கணவர், மகள், மகன், நான் என ஆறு பேர் வசிக்கிறோம். நானும் கணவரும் காலை எட்டரை மணிக்குள் கிளம்பியாக வேண்டும். ஆகவே, நேரம் நிறைய உள்ளவர்களுக்கான யோசனைகளை விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட வழக்கங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு வீடு ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய நான் தரையையோ அலமாரியையோ பார்ப்பதில்லை. "அம்மா, கத்தரிக்கோல் எங்கே?", "கேஸ் புத்தகத்தை எங்கே வைத்தாய்?", "மாமாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா?" என்ற கேள்விகளெல்லாம் ஒரே ஆளை நோக்கி வருகின்றனவா என்றுதான் பார்க்கிறேன். அப்படி வந்தால், அந்த வீட்டின் ஒழுங்கு அந்த ஒருவருடைய நினைவில்தான் இருக்கிறது. அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தாலோ, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வந்தாலோ, வீடு குலைந்துவிடும். 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டிருக்கிறார்கள். துவரம்பருப்பு இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று பேருந்தில் அமர்ந்து யோசிப்பது இப்படிப்பட்ட எந்தக் கணக்கிலும் வராது; ஆனால் மனிதரைச் சோர்வடையச் செய்வதில் பாத்திரம் தேய்ப்பதைவிட அதற்குப் பங்கு அதிகம் என்பதே என் கருத்து.

எனவே நாங்கள் வேலையைப் பிரிக்கும்போது, செய்வதை மட்டும் பிரிப்பதில்லை. கவனிப்பது, அதற்கு வேண்டிய பொருளை வாங்கி வைப்பது, முடிப்பது என மூன்றையும் சேர்த்து ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். கழிவறையும் குளியலறையும் என் கணவருடைய பொறுப்பு. பிரஷ் தேய்ந்துவிட்டதா, கழுவும் திரவம் தீர்ந்துவிட்டதா என்பதை அவரேதான் பார்ப்பார், நான் நினைவூட்டுவதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் என்பதால் குழாய்களிலும் வாளி விளிம்பிலும் வெள்ளைப் படலம் படியும். எலுமிச்சை மூடியாலோ வினிகர் நனைத்த துணியாலோ சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் அது கரைந்துவிடும். ஆனால் அதே புளிப்பு மார்பிள் தரையை அரித்துவிடும். மார்பிள் பதித்த வீட்டில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, கழிவறைக்கு ஊற்றும் அமிலத் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது என்பது. இரண்டும் சேர்ந்தால் வெளிவருவது குளோரின் என்னும் நச்சு வாயு. கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையைக் கழுவும் பழக்கம் உள்ள வீடுகளில் இதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இரண்டு பாட்டில்களையும் வேறு வேறு இடங்களில் வைத்திருக்கிறோம்.

தேங்கும் தண்ணீரும் அவர் பொறுப்பிலேயே இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பளபளப்பாக வைத்திருக்கும் பல வீடுகளிலும் இது கண்ணில் படுவதில்லை. ஃபிரிட்ஜின் பின்புறம், கம்ப்ரசருக்கு அருகில், உள்ளே உருகும் பனியின் நீர் வந்து விழும் சிறு பிளாஸ்டிக் தட்டு ஒன்று பெரும்பாலான மாடல்களில் இருக்கும். ஃபிரிட்ஜை முன்னே இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், மெல்லிய தூசிப் படலத்துக்குக் கீழே தெளிந்த நீர் நிற்பதும், சில சமயம் அதில் புழுக்கள் நெளிவதும் தெரியும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வெளிவர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை ஆகும் என்பதால், வாரந்தோறும் நீரைக் கொட்டிவிட்டால் அதன் சுழற்சி அறுந்துவிடும். முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் பதிந்து, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்கவும் வேண்டும். சனிக்கிழமை காலையில் மகன் டார்ச் பிடிக்க, அவர் இந்தத் தட்டையும், பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளையும், பால்கனியில் கவிழ்க்காமல் விட்ட வாளிகளையும் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார்.

அடுத்தது, பொருள்களின் இடம். ஒரு பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அங்கே அல்ல, அது தானாக எங்கே வந்து விழுகிறதோ அதற்கு ஒரு கை தூரத்தில்தான் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை வாசற்கதவின் அருகே போடுகிறார்கள் என்றால், உள்ளறை அலமாரியில் வைக்கச் சொல்லி ஆண்டு முழுவதும் குரல் கொடுப்பதைவிட, கதவுக்குப் பக்கத்தில் அவர்களுடைய தோள் உயரத்தில் கொக்கி அடித்துவிடுவது நல்லது. எங்கள் வாசலருகே சாவிக்கும் குடைக்கும் பள்ளிப் பைக்கும் கொக்கிகள், அவற்றின் கீழே செருப்பு ஸ்டாண்டு, அதன் மேல்தட்டில் ஹெல்மெட். சாப்பாட்டுப் பை மட்டும் அங்கே தங்குவதற்கு அனுமதி இல்லை. வந்தவுடன் டப்பாவைத் திறந்து, மீதத்தைக் கொட்டி, நீர் ஊற்றி சிங்கில் வைப்பது அவரவர் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூடியே இருந்த தயிர்சாத டப்பாவைத் திங்கள்கிழமை காலை திறந்தவர்களுக்கு இந்த விதி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

மூடிய பெட்டிகளைவிடத் திறந்த தட்டுகளும், உள்ளிருப்பது தெரியும் டப்பாக்களும் குடும்பத்துக்கு ஏற்றவை. கதவைத் திறந்து, மேல்பெட்டியை இறக்கி, அதற்குள் இருக்கும் பையை அவிழ்த்து எடுக்க வேண்டிய பொருள், அவசரத்தில் ஒருபோதும் திரும்பி அங்கே போய்ச் சேராது. ஸ்மார்ட் ரேஷன் கார்டு, ஆதார் நகல்கள், கேஸ் புத்தகம், பள்ளிக் கட்டண ரசீது ஆகியவை ஒரே கோப்பில் கூடத்து அலமாரியின் நடுத்தட்டில் இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதே அதன் சிறப்பு.

துணிதான் எங்களுக்குப் பெரிய சவாலாக இருந்தது. கொடியிலிருந்து எடுத்த துணிகள் ஒரு நாற்காலியில் குவிந்து, அந்தக் குவியலிலிருந்தே எல்லோரும் உருவி உடுத்திக்கொள்ளும் நிலையைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இப்போது கொடிக்கு அருகே ஆறு கூடைகள் இருக்கின்றன. எடுக்கும்போதே அவரவர் கூடையில் போட்டுவிடுவதால் நாற்காலிக்குத் துணி வருவதே இல்லை. மடிப்பது அவரவர் பொறுப்பு. அத்தை தம்முடையதையும் மாமாவுடையதையும் மாலையில் டிவி பார்த்துக்கொண்டே மடித்துவிடுவார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் மடிக்கும் சட்டையின் கை வெளியே தொங்கத்தான் செய்யும். அதை நான் எடுத்துத் திரும்ப மடிப்பதில்லை. ஒப்படைத்த வேலையில் நாம் மறுபடி கைவைத்தால், அந்த வேலை மெல்ல மெல்ல நம்மிடமே திரும்பி வந்துவிடும்.

வயதான பெரியவர்களிடம் வேலையே சொல்லக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய, தம் முடிவில் செய்யக்கூடிய வேலை அவர்களுக்கு மதிப்பைத் தருகிறது. பூஜை அலமாரியும் மருந்துப் பெட்டியும் முழுவதுமாக அத்தையின் பொறுப்பில் இருக்கின்றன. பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் துலக்குவதும், மாத்திரை அட்டைகளின் காலாவதித் தேதியைப் பார்த்துப் பழையதைத் தனியே எடுத்து வைப்பதும் அவர்தான். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது, நடக்கும் வழியில் வயரும் பொம்மையும் கிடக்காமல் பார்ப்பதும், குளியலறைத் தரையை ஒவ்வொருவரும் குளித்தவுடன் வைப்பரால் இழுத்து உலரவிடுவதும்தான். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடமாடுவது எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால், சுத்தத்தில் முதலிடம் இதற்குத்தான் தருவேன்.

சமையலறையில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் உதவுகிறது: எந்த இடத்தையும் அது தானாகக் காலியாகும் வேளையில் துடைப்பது. மாத மளிகை வாங்குவதற்கு முதல்நாள் தட்டுகள் பாதி காலியாக இருக்கும். அன்றே துடைத்து, இருப்பதைப் பார்த்துப் பட்டியல் எழுதினால், ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடும். காய்கறி வாங்கும் நாள் காலையில் ஃபிரிட்ஜ், அரிசி தீரும் அன்று அரிசி டிரம் என்று இதையே எல்லாவற்றுக்கும் பின்பற்றலாம். டிரம்மைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே புது அரிசியைக் கொட்ட வேண்டும். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டினால், அடியில் இருக்கும் வண்டு புதியதிலும் ஏறும். இரவில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சிங்கைக் காலி செய்து, மேடையைத் துடைத்து உலரவிட்டே படுக்கிறோம், ஏனென்றால் கரப்பான் பூச்சிக்கு உணவைவிட நீர் இன்றியமையாதது. எக்ஸாஸ்ட் ஃபேனில் படியும் எண்ணெய்ப் பிசுக்குக்கு, வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து, கையுறை போட்டுத் துடைத்தால் போதும். அறைகளைப் பெருக்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து கீழாக, முதலில் ஃபேன், பிறகு அலமாரி, கடைசியில் தரை.

இவ்வளவும் செய்தும் வீடு நெரிசலாகத் தெரிந்தால், குறை சுத்தம் செய்வதில் இல்லை, பொருள்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. தாம்பூலப் பைகள், ஹோட்டல் பார்சல் டப்பாக்கள், கொலுவுக்குப் போன இடங்களில் கிடைத்த சிறு கிண்ணங்கள், சீர்வரிசையில் வந்து பரணில் உறங்கும் பாத்திரங்கள் ஆகியவை நாம் வாங்காமலேயே சேர்ந்துவிடுபவை. பார்சல் டப்பாவுக்கு ஒரே ஓர் இழுப்பறை ஒதுக்கியிருக்கிறோம்; அது நிறைந்தால் மீதி வெளியே போகும். போகிக்கு ஒரு மாதம் முன்பே பரணை இறக்கி, பயன்படும் நிலையில் இருப்பவற்றைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடுகிறோம். போகியன்று காலையில் பிளாஸ்டிக்கையும் டயரையும் எரித்து ஊரையே புகையில் மூழ்கடிப்பதை நான் ஏற்பதில்லை. குப்பையை மக்குவது, மக்காதது, பேட்டரி, பழைய பல்பு போன்ற தீங்கானவை என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. எட்டாம் வகுப்பு மகள் இதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறாள். தவறான வாளியில் போட்டால் மாமாவைக்கூடக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாள்.

தேர்வு மாதங்களிலும், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களிலும் இதெல்லாம் நடக்காது. நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அப்போது நாங்கள் விடாமல் செய்பவை சிங்க், கழிவறை, குப்பை, தேங்கும் நீர் என்ற நான்கு மட்டுமே, ஏனென்றால் நோய் வரக்கூடிய வழிகள் அவை. தூசியும் மடிக்காத துணியும் இரண்டு வாரம் காத்திருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வரும் உறவினர் முகம் சுளித்தால், அவரிடமும் ஒரு கூடைத் துணியைக் கொடுத்து மடிக்கச் சொல்லலாம். எங்கள் வீட்டுக்கு வந்த சித்தி மகிழ்ச்சியாகவே மடித்துக் கொடுத்தார்.