நகரத்தார் ஊருணி நகராட்சியின் ஊருணியா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய பத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது அவர் தொழில். செட்டிநாட்டுப் பக்கத்துக் கிரயப் பத்திரம் ஒன்றில், செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை, சொல்லும் இடத்தில் 'நகரத்தாருக்குப் பாத்தியமான ஊருணிக்கு மேற்கு' என்று இருந்திருக்கிறது. 'முனிசிபாலிட்டிக்குச் சொந்தமான குளம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். அனுப்புவதற்கு முன் உறுத்தியதாம். கூடவே இன்னும் இரண்டு சந்தேகங்கள். டவுன், சிட்டி இரண்டுக்கும் 'நகரம்' என்றே போடலாமா? மகள் கட்டுரையில் 'தாத்தா வேலை தேடிப் பட்டணம் போனார்' என்று எழுதியதை ஆசிரியை 'பட்டினம்' என்று திருத்தியிருக்கிறார், அது சரியா?

முதலில் பத்திரம். நல்லவேளை, அனுப்பவில்லை. உடனே மாற்றிவிடுங்கள். செட்டிநாட்டுப் பத்திரத்தில் வரும் 'நகரத்தார்' என்பது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைக் குறிக்கும். ஊருணி அந்தச் சமூகத்தின் பொதுச் சொத்து என்கிறது பத்திரம். நகராட்சிக்கு அதில் பங்கு இருப்பதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லை விவரத்தில் சொந்தக்காரர் மாறிப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லின் வாலைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 'ஆர்' என்று முடிந்தால் மனிதர்கள். பழைய பத்திரம் எழுதியவர் உள்ளாட்சி அமைப்பைச் சொல்ல நினைத்திருந்தால் 'முனிசிபாலிட்டி' என்றோ 'நகரசபை' என்றோ எழுதியிருப்பார். 'நகராட்சி' பிறகு நிலைத்த சொல். ஆங்கிலத்தில் 'நகரத்தார்' என்ற பெயரை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டு, அது ஒரு வணிகச் சமூகத்தின் பெயர் என்று ஓரத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். சாதிப் பெயரைப் போட்டு விளக்கப் போக வேண்டாம். வேறு சில வணிகச் சமூகத்தாரும் தங்களை நகரத்தார் என்று சொல்லிக்கொள்வது உண்டு. பத்திரத்தில் இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது.

வணிகர்களுக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது? சோழர் காலக் கல்வெட்டுகளில் வேளாண் ஊர்களின் அவைக்கு 'ஊர்' என்று பெயர். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்களான பிரமதேயங்களில் இருந்தது 'சபை'. வணிகர்கள் கூடி முடிவெடுத்த அவை 'நகரம்'. இடத்தின் பெயரே அவைக்கும் பெயர். அதனால்தான் கல்வெட்டுகளில் 'ஊரோம்', 'சபையோம்' என்பது போல 'நகரத்தோம்' என்று தன்மைப் பன்மையில் பேசுகிறார்கள். 'நகரத்தோம் விற்றுக் கொடுத்தோம்' என்று வந்தால், நகரவாசிகள் அத்தனை பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வணிகர் அவை தீர்மானம் போட்டது, அவ்வளவுதான். செட்டிநாட்டு வழக்கில் இந்தப் பொருளின் சாயல் இன்னும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி உள்ளிட்ட 9 கோயில்களை அவர்கள் நகரக் கோயில்கள் என்பார்கள். பிள்ளையார்பட்டி ஒரு சிற்றூர். ஆனாலும் அங்கே இருப்பது நகரக் கோயில்! அந்தப் பகுதி ஊர்களில் 'நகரச் சிவன் கோயில்' என்ற பலகையைப் பார்க்கலாம். காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. இவற்றையெல்லாம் 'சிட்டி டெம்பிள்' என்று பெயர்த்தால் சிரிப்புத்தான் மிஞ்சும்.

இன்னும் பின்னால் போனால் வேறு கதை. சங்கப் பாட்டுகளில் 'நகர்' பெரும்பாலும் ஊரே இல்லை. வீடு, மாளிகை, அரண்மனை, கோயில். கடிநகர் என்றால் காவலுள்ள வீடு, அல்லது மணவீடு. புறநானூற்றின் 6ஆம் பாட்டில் காரிகிழார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் குடை தாழட்டும் என்கிறார். எதற்காக? 'முக்கட் செல்வர் நகர்வலம் செயற்கே'. சிவபெருமான் கோயிலைச் சுற்றி வருவதற்காக. இன்றைக்கு நகர்வலம் என்றால் ராஜா தேரேறித் தெருத்தெருவாகப் போவதுதான் நினைவுக்கு வரும். பாட்டிலோ ராஜா குடையைத் தாழ்த்திக்கொண்டு சாமியைச் சுற்றுகிறார். பழைய பாட்டை ஆங்கிலத்தில் தரும் வேலை வந்தால், 'நகர்' வருகிற ஒவ்வொரு இடத்திலும் உரையைப் புரட்டிவிடுங்கள். இதில் நானும் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். 'மணம் கமழும் நகர்' என்று வந்த இடத்தில் ஊர் முழுக்க மணம் வீசவிட்டேன். மணத்தது ஒரு வீடு மட்டும்தான்.

இன்றைய விலாசத்தில் 'நகர்' என்றால் பெரும்பாலும் குடியிருப்புப் பகுதி. தியாகராய நகர், அண்ணா நகர் எல்லாம் சென்னை நகரத்துக்குள் இருக்கும் நகர்கள். வயலை மனைப்பிரிவாகப் போட்டு, கல் நட்டு, சாமி பெயரையோ மகள் பெயரையோ வைத்து 'நகர்' சேர்த்துவிட்டால் அதுவும் ஒரு நகர்தான், அங்கே 4 வீடுதான் கட்டியிருந்தாலும்! வீட்டைக் குறித்த சொல் ஊருக்குப் போய், வணிகர் அவைக்குப் போய், கடைசியில் வீட்டுமனைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. விலாசத்தில் வருவதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுங்கள். 'மதுரை நகரில்', 'மதுரை நகரத்தில்' இரண்டும் சரி. 'அண்ணா நகரத்தில்' என்று யாரும் சொல்வதில்லை. இலக்கணக் குறிப்பு எதிலாவது 'நகரம்' வந்தால் அது 'ந' என்ற எழுத்தாகவும் இருக்கலாம். மகரம், னகரம் போல.

சரி, டவுனும் சிட்டியும். பேச்சில் டவுன் என்பதற்குக் கடைத்தெரு இருக்கும் இடம் என்றுதான் அர்த்தம். திருநெல்வேலிக்காரர் 'டவுனுக்குப் போறேன்' என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பகுதிக்குப் போகிறார். ஜங்ஷனும் பாளையங்கோட்டையும் அதே மாநகராட்சிதான், ஆனால் டவுன் இல்லை. யாழ்ப்பாணத்தார் இதையே 'ரவுண்' என்பார்கள்.

ஆவணத்தில் இந்தத் தாராளம் கூடாது. தமிழ்நாட்டில் டவுன் பஞ்சாயத்து என்பது பேரூராட்சி, முனிசிபாலிட்டி என்பது நகராட்சி, கார்ப்பரேஷன் என்பது மாநகராட்சி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'பெரிய ஊர்' என்று பொருள்படும் பேரூர் வரிசையில் அடியில் நிற்கிறது. அதே 'பெரு' ஒட்டிய பெருநகரம் உச்சியில் இருக்கிறது, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் என்பது போல. இலங்கையிலிருந்து வந்த ஆவணமானால் மாநகர சபை, நகர சபை என்று அவர்கள் எழுதியிருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பது மாநகர சபை, வல்வெட்டித்துறையில் நகர சபை. நம் ஊர்ப் பெயருக்கு மாற்றி 'மாநகராட்சி' ஆக்க வேண்டாம்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. நகராட்சி, பேரூராட்சி போன்ற எந்த அமைப்பும் இல்லாத ஓர் இடத்தில் குறைந்தது 5,000 பேர் இருந்து, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதத்தினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசித்தால் அதை டவுன் என்று எண்ணுவார்கள். 1 லட்சம் பேரைத் தொட்டால் சிட்டி. ஆக, கணக்கெடுப்பு அறிக்கையில் 'டவுன்' என்று இருக்கும் ஊர் நிர்வாகத்தில் இன்னும் ஊராட்சியாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட அறிக்கையைப் பெயர்க்கும்போது டவுனுக்கு 'நகரம்', சிட்டிக்கு 'மாநகரம்' என்று போட்டுவிட்டு, முதல் இடத்தில் அதன் வரையறையை ஒருமுறை சொல்லிவிடுங்கள். 'நகராட்சி' என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் மகளின் கட்டுரை. பட்டினம் கடற்கரை ஊர். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம், அதிராம்பட்டினம் எல்லாமே கடலோரம். பட்டணத்துக்குக் கடல் தேவையில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் இருப்பது காவிரி நடுவில். பெயர்களில் இரண்டையும் கலந்து எழுதுவது நெடுநாளாக நடக்கிறது, அதனால் ஊர்ப் பெயரை அந்த ஊர்க்காரர்கள் எழுதும்படி எழுதிவிடுவது நல்லது. ஆனால் தனிச்சொல்லாக வரும்போது வேறுபாடு தெளிவு. சைவ மடத்துத் தலைவரான சந்நிதானத்தைப் பல்லக்கில் தூக்கி வீதி சுற்றுவது பட்டணப் பிரவேசம். 2022இல் தருமபுரம் ஆதீனத்தில் இதற்குத் தடை போட்டு, சர்ச்சை எழுந்து, பிறகு அனுமதி தந்தார்கள். சுற்றியது மடத்து வீதிகளைத்தான், ஆனாலும் பட்டணம். டீக்கடையில் கிடைப்பதும் பட்டணம் பக்கோடாதான்.

தாத்தா காலத்தில் 'பட்டணம் போனார்' என்றால் பெரும்பாலும் சென்னைக்குப் போனார் என்று பொருள். சென்னை கடலோரம்தானே என்று ஆசிரியை வாதாடலாம். அவர் வேலை தேடித்தான் போனார், கப்பலேற இல்லை. மகள் எழுதியதே சரி. குறைத்த மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்பது உங்கள் விருப்பம்.