ஆபரேஷன்ஸ் படித்தால் ஃபேக்டரியிலேயே கிடக்க வேண்டுமா?

கோத்தகிரியிலிருந்து வந்திருந்த ஐயாவுக்கு,

"பி.காம். முடித்த பெண்ணுக்கு ஃபேக்டரி வேலை எதற்கு? எம்.பி.ஏ.வில் ஃபைனான்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்" என்று சனிக்கிழமை கேட்டீர்கள். பக்கத்திலிருந்த மகள் வாயே திறக்கவில்லை. அன்று அவசரத்தில் பாதி பதிலோடு அனுப்பிவிட்டேன், மீதி இது.

எம்.பி.ஏ.வில் ஆபரேஷன்ஸ் பிரிவு என்றால் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது இல்லை. வந்த சரக்கு விற்கும் பொருளாக மாறும் வரை எங்கே தேங்குகிறது, எங்கே வீணாகிறது, எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் வேலை. நீங்கள் இலை போடும் தேயிலை ஃபேக்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். அரைப்பதற்கு முன் இலை வாட வேண்டும். அதற்கே பொதுவாக 12 மணி நேரமாவது ஆகும். வாட்டும் தொட்டிகள் நாளுக்கு 12,000 கிலோ கொள்ளும், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் 20,000 கிலோ அரைக்கும் என்று வைப்போம். முதலாளி கடன் வாங்கி இன்னொரு சி.டி.சி. இயந்திரம் இறக்கினால் என்ன ஆகும்? அப்போதும் 12,000 கிலோதான், வட்டிதான் கூடும். வாட்டும் தொட்டி போல வேலை தேங்கும் இடத்துக்குப் பாடத்தில் 'பாட்டில்நெக்' என்று பெயர். நெருக்கடி எங்கே என்று பார்க்காமல் பணத்தைக் கொட்டியவர்களை இந்த மலையில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது. மணிக்கு 4 லாரி வருகிறது, 4 லாரி இறக்கப்படுகிறது, வாசலில் எப்போதும் 12 லாரி நிற்கிறது என்றால் 12-ஐ 4-ஆல் வகுத்து, ஒவ்வொன்றும் சராசரியாக 3 மணி நேரம் காத்திருக்கும். அதற்குள் மூட்டையின் அடியில் இலை சூடேறிச் சிவந்துவிடும். விலையைக் குறைத்தார்கள் என்று நீங்கள் திட்டுவது இலை வாங்கும் ஏஜென்டை!

சனிக்கிழமை நீங்கள் போன் பேச வெளியே போனபோது உங்கள் மகளிடம் இதைச் சொன்னேன். "எல்லா லாரியும் சாயங்காலம் ஒரே நேரத்தில்தானே வருகிறது? ஊர் வாரியாக நேரம் பிரித்துக் கொடுத்தால் என்ன?" என்று உடனே கேட்டாள். பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இதைப் பற்றித்தான். அதனால்தான் ஃபைனான்ஸ் பக்கம் அவளைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வேலை ஃபேக்டரியில் மட்டும் இல்லை. மருத்துவமனை, கிடங்கு, கூரியர், வங்கி எல்லாவற்றிலும் உண்டு. சில இடங்களில் இரவு ஷிப்ட் இருக்கும், மறைக்க மாட்டேன். புள்ளியியலும் விடாது. ஊரிலேயே இருந்துகொண்டு பார்க்கும் வேலையும் குறைவு, கோயம்புத்தூருக்காவது இறங்க வேண்டியிருக்கும்.

எம்.பி.ஏ. சேர, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் (TANCET), ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) என்ற இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் எழுதட்டும். 1963-இல் நிட்டி என்று தொடங்கி 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆன நிறுவனம் இந்தத் துறைக்குப் பேர்போனது. சில படிப்புகளுக்குப் பொறியியல் பட்டம் கேட்பார்கள். தகுதி விதியைப் படித்த பிறகு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. இந்த வாரம் ஒரு நாள் உங்கள் ஊர் இலைக் கொட்டகையில் அவளை உட்கார விடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் எப்போது வந்தது, எப்போது எடை போட்டார்கள், எப்போது லாரி ஏறியது என்று நோட்டில் எழுதட்டும். அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டோடு வாருங்கள்.