வளர்த்தவளின் இனம்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்க நாவல்கள் சிலவற்றை வாசித்தேன். எங்கும் இனக்குழுப் பூசல்தான். ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம் என்று அமைந்திருந்தால் அந்த நாடுகள் தப்பித்திருக்கும் அல்லவா? எழுத்தாளர்கள் இனத்தைத் தாண்டி எழுதக் கூடாதா? எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நூலகத்தில் கைக்குக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள். 1967 முதல் 1970 வரை, இக்போ இனத்தவர் தனிநாடு கேட்டதால் மூண்ட பியாஃப்ரா போரைக் கண்ட நைஜீரியத் தலைமுறையிடம் இனத்தைத் தாண்டி எழுதச் சொல்வதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் உங்கள் முதல் கேள்வியை அப்படி விட்டுவிட முடியவில்லை. சோமாலிய எழுத்தாளர் நூருதீன் ஃபாராவின் ‘மேப்ஸ்’ (1986) நாவல் சில நாட்களாகவே என்னைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது.

நீங்கள் கேட்கும் நாடு இருந்தது. 1960இல் பிரிட்டிஷ், இத்தாலிய ஆட்சிப் பகுதிகள் இணைந்து பிறந்த சோமாலியாவில் பெரும்பான்மையோருக்கு இனம், மொழி, மதம் மூன்றும் ஒன்றே. 1991இல் அரசு சரிந்தபோது குலத்தின் பெயரால் அவர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள். இவ்வளவு வாசிக்கும் நீங்கள் இதைத் தேடிப் பார்க்காமல் தீர்வு சொல்வது சோம்பல். அன்பு இருப்பதால்தான் கண்டிக்கிறேன்.

சோமாலியக் கொடியின் ஐந்து முனை நட்சத்திரத்தில் ஒரு முனை, சோமாலியர் வாழ்ந்தும் எத்தியோப்பியாவின் வசம் இருக்கும் ஒகாடன். அங்கே, இறந்த தாயின் அருகே கிடந்த அஸ்கர் என்ற சோமாலியக் குழந்தையை எடுத்து வளர்ப்பவள் மிஸ்ரா. அவள் சோமாலியப் பெண் அல்ல. அவள் உடம்போடு ஒட்டி உறங்கி, அவளுக்கும் தனக்கும் வேறுபாடே அறியாமல் வளர்ந்த அந்தப் பிள்ளை, சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் மாமன் வீட்டில் வரைபடங்களின் முன் உட்கார்ந்து ஒகாடனைச் சோமாலியாவோடு சேர்த்துப் பார்க்கப் பழகுகிறான். ஒகாடனுக்காக 1977இல் மூண்ட போரில், சோவியத், கியூபா உதவியோடு எத்தியோப்பியா வெல்கிறது. சோமாலியரை எத்தியோப்பியப் படையிடம் காட்டிக்கொடுத்தவள் என்ற பழியோடு மிஸ்ரா அவனைத் தேடி வருகிறாள். அவள் குற்றவாளியா என்பதை ஃபாரா உறுதிப்படுத்துவதில்லை. வேற்றினத்தாள் என்பதே தண்டனைக்குப் போதுமாகிவிடுகிறது. ‘நீ’, ‘நான்’, ‘அவன்’ என்று கதை இடம் மாறிக்கொண்டே இருப்பதும் வித்தைக்காக அல்ல. மிஸ்ராவை விலக்கி வைத்துவிட்டு முழுச் சோமாலியனாக நிற்கப் பார்க்கும் பிள்ளையால் ஒரே குரலில் பேச முடியவில்லை.

இனத்தைத் தாண்டுவது பற்றிக் கேட்டீர்கள். ஃபாரா இனத்தை அதன் மிக நெருங்கிய இடத்தில், வளர்த்தவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே, வைத்துக் காட்டுகிறார். தாய்மொழி சோமாலியாக இருப்பவரே சோமாலியர் என்று மாமன் ஹிலால் விளக்கும் பக்கத்தில் சற்று நின்று, அந்த விளக்கத்தில் மிஸ்ராவுக்கு எங்கே இடம் என்று பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.