சாமுவேல்: கேட்டது யார்?

கேள்வி: மகனுக்குச் சாமுவேல் என்று பெயர் வைக்கப்போகிறோம். ஞானஸ்நான அழைப்பிதழில் பெயரின் பொருளையும் அச்சிட ஆசை. ஆயர் ‘கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றவன்’ என்கிறார். இணையத்தில் ‘தேவன் கேட்டார்’ என்றும் ‘தேவனுடைய நாமம்’ என்றும் இருக்கிறது. எது சரி? மூத்தவள் ராகேல், அதிலும் ‘ஏல்’ வருகிறதே, அதுவும் தேவனைத்தான் குறிக்கிறதா?

பதில்: குழப்பத்தில் பாதி தமிழால் வந்தது. நமக்கு வேண்டுவதும் கேட்பதுதான், காதில் வாங்குவதும் கேட்பதுதான். எபிரெயத்தில் இரண்டும் வேறு வேறு: வேண்டுவது ‘ஷாஅல்’, செவிகொடுப்பது ‘ஷாமா’.

‘தேவன் கேட்டார்’ என்பதை விட்டுவிடுங்கள். ஷாமாவின் கடைசி எழுத்து ஆயின் (119ஆம் சங்கீதத்தில் தலைப்பாக வருமே, அதுதான்). சாமுவேலை எபிரெயத்தில் எழுத ஷீன், மேம், வௌ, ஆலெப், லாமேட் என்று ஐந்தே எழுத்து, ஆயின் கிடையாது. அந்தப் பொருள் ஆகாரின் மகன் இஸ்மவேலுக்கு உரியது (ஆதியாகமம் 16:11).

ஆயர் சொல்வது 1 சாமுவேல் 1:20. சீலோவில் பிள்ளைக்காக அழுது வேண்டிக்கொண்ட சாமுவேலின் தாய் அன்னாள் தன் வாயாலேயே சொன்ன காரணம் அது. ஆனால் ஷாஅல் வேரிலிருந்து நேராகப் பிறக்கும் பெயர் ஷாஊல், அதாவது நம் சவுல் ராஜாவின் பெயர். அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் இந்தப் பிள்ளையைப் பற்றியே ‘ஷாஊல்’ என்ற சொல் வருகிறது. தமிழில் படித்தால் அது கண்ணில் படாது.

எழுத்துப்படி பிரித்தால் ‘ஷேம்’ பெயர், ‘ஏல்’ (ஆலெப், லாமேட்) தேவன். ‘தேவனுடைய நாமம்’ என்பதே சொற்பொருள். வேதத்தில் பேரிடும்போது சொல்லும் காரணம் பல இடங்களில் ஓசையைத் தொட்டு வருவது. மோசேயைப் பாருங்கள்: தண்ணீரிலிருந்து எடுத்ததால் அந்தப் பேர் என்று எபிரெயச் சொல்லைக் காட்டுகிறவள் பார்வோனின் மகள்! எகிப்திய மொழியில் துத்மோஸ் போன்ற பெயர்களின் வாலில் இருக்கும் ‘மோஸ்’ பிறப்பைக் குறிப்பது.

அழைப்பிதழில் நானாக இருந்தால் அன்னாளின் வசனத்தையே போடுவேன், ‘பொருள்’ என்று தலைப்பிடாமல்.

ராகேலில் தேவன் இல்லை. அங்கே லாமேட்டுக்கு முன் நிற்பது ஆலெப் அல்ல, கேத். ஆபேலிலும் தேவன் இல்லை, அது ‘ஹெவெல்’, மூச்சுக்காற்று. பிரசங்கி ‘மாயை’ என்பதும் அதே சொல்தான். ராகேல் என்றால் பெண் ஆடு. முகம் சுளிக்காதீர்கள், யாக்கோபு அவளை முதன்முதலில் பார்த்தபோது தகப்பனுடைய ஆடுகளை ஓட்டிக்கொண்டுதான் வந்தாள்.