விமானப் பராமரிப்பு வேலைக்குப் போகும் பிள்ளைக்கு வீடு கற்றுத்தர வேண்டியது

கேள்வி: மகன் அக்னிவீரராக விமானப்படையில் தேர்வாகியிருக்கிறான். விமானப் பராமரிப்பு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. தமிழ்வழியில் படித்தவன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமே இல்லை. சமாளிப்பானா?
– ஒரு தாய், குரோம்பேட்டை

அம்மா, ஸ்பேனர் பிடிக்க அங்கே சொல்லித் தருவார்கள். உங்களுக்குப் பக்கத்தில், தாம்பரம் விமானப்படை நிலையத்திலேயே அதற்கென்று இயந்திரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எந்த ஊருக்கு அனுப்பினாலும் அடிப்படையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தம்பி வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: கை தவறிவிட்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுவது.

கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ண வேண்டும். போல்ட் தலையில் மாட்டித் திருப்பும் ஒரு 10 மி.மீ. சாக்கெட் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை அந்த விமானம் கிளம்பாது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தேடுவார்கள். புதுப் பையன் பயந்து வாயை மூடிக்கொள்வது இங்கேதான். அந்தச் சாக்கெட் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு நடுவே சிக்கினால் விமானியால் விமானத்தைத் திருப்ப முடியாது. இன்ஜினுக்குள் போனால் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் பிளேடுகள் நொறுங்கும். 2000-ம் ஆண்டு பாரிஸில் கான்கார்ட் விழுந்து 113 பேர் இறந்தார்கள். முன்னால் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த சுமார் 43 செ.மீ. உலோகப் பட்டை அதன் டயரைக் கிழித்ததில் தொடங்கிய விபத்து அது. வீட்டில் டம்ளரை உடைத்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டாமல் இருந்திருந்தால், பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது.

கையெழுத்தும் அப்படித்தான். விமானத்துக்கான பதிவேட்டை 'ஃபார்ம் 700' என்பார்கள். அதைப் பார்த்துக் கையெழுத்திட்டுத்தான் விமானி ஏறுவார். தான் செய்யாத வேலைக்கு, கண்ணால் பார்க்காத வேலைக்கு, "சும்மா போட்டுடுப்பா" என்று சீனியரே சொன்னாலும் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது.

புதியவர்கள் அதிகம் தவறுவது, போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில். 'க்ளிக்' சத்தம் ஒரு முறை கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு இழுப்பு இழுத்தால் போல்ட் அளவுக்கு மேல் இறுகும். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பட்ட மரைக்கு வைத்தாலும் அதே கதிதான், போல்ட் நீண்டுவிடும். நட்டு கழலாமல் இருக்க மாட்டும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லையா? நட்டைத் தளர்த்தி நேராக்கக் கூடாது. அனுமதித்த அளவுக்குள் இறுக்கிப் பார்க்க வேண்டும், அதிலும் வராவிட்டால் வாஷரையோ நட்டையோ மாற்ற வேண்டும். கழற்றிய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடவே கூடாது. லாக் வயரை (நட்டு தளராமல் கட்டும் கம்பி) நட்டு இறுகும் திசைக்கு இழுக்கும்படி கட்ட வேண்டும். 0.032 அங்குலக் கம்பிக்கு ஓர் அங்குலத்தில் 6 முதல் 8 முறுக்கு. பழைய போல்ட்டுகளில் தினமும் கட்டிப் பழகினால் கை தானாகப் படிந்துவிடும்.

உடம்புக்கு வருகிறேன். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி, கோயில் கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். ஏணியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். ஹைட்ராலிக் குழாய்களில் அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு) அளவில் இருக்கும். கசிவைக் கையால் தடவித் தேடினால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், வலிகூட உடனே வராது. ஆனால் விரலையே இழக்க நேரிடும், அன்றைக்கே அறுவை சிகிச்சை வேண்டும். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் எஜெக்ஷன் சீட் உள்ள காக்பிட்டில் பாதுகாப்பு பின்கள் மாட்டியிருப்பதை உறுதி செய்யாமல் உள்ளே குனியவே கூடாது. காதடைப்பான் எப்போதும் வேண்டும். போன காது திரும்ப வராது.

தமிழ்வழி பற்றிய பயம் வேண்டாம். கையேட்டு ஆங்கிலத்தில் சொற்கள் குறைவு, அவையே திரும்பத் திரும்ப வரும். 'வார்னிங்' என்றால் ஆளுக்கு ஆபத்து, 'காஷன்' என்றால் பொருளுக்குச் சேதம். அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். நீங்களும் ஒன்று கவனிக்க வேண்டும்: விமானத்தோடு நின்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், அது அவனைத்தான் சிக்கலில் மாட்டும்.

சம்பளம் முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு, பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேமிப்பான சேவா நிதிக்குப் போக, கையில் வருவது 21,000. நான்கு ஆண்டு முடிவில் அரசின் பங்கும் சேர்ந்து சுமார் 10 லட்சம் வரும். ஓய்வூதியம் இல்லை. நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வது அதிகபட்சம் 25 விழுக்காட்டினரைத்தான். ஆகவே வெளியே வருவதற்கும் முதல் நாளிலிருந்தே தயாராக வேண்டும். சிவில் விமானத்தில் சான்றளிக்க சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் 'கார் 66' பராமரிப்புப் பொறியாளர் உரிமம் தேவை. படை அனுபவம் கைகொடுக்கும், ஆனால் அது மட்டும் போதாது. பாடத்தொகுதித் தேர்வுகளும் உண்டு, சிவில் விமான அனுபவமும் கேட்பார்கள். விமானச் சட்டம் பற்றிய பத்தாம் தொகுதி படையில் புழங்காத விஷயம், அதை ஓய்வு நேரத்தில் படித்து வைக்கலாம். தேர்வு எழுதுவதென்றால் முறைப்படி அனுமதி கேட்கட்டும். விடைபெறும்போது திறன் சான்றிதழில் தன் டிரேடும் (தொழில் பிரிவு) பயிற்சியும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு வரட்டும்.