அகன்ற வளையம் அதிக நொதிக்குச் சான்றாகுமா?

கேள்வி: மக்காச்சோள இலைகளின் உள்ளிருந்து பிரித்தெடுத்த ஆறு பூஞ்சைகளை மாவுச்சத்து ஊடகத்தில் வளர்த்து அயோடின் ஊற்றியபோது, ஒன்றைச் சுற்றி மட்டும் மிக அகன்ற வளையம் தெரிந்தது. மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியான அமைலேஸை அதிகம் சுரப்பது அதுதான் என்று முடிவு செய்யலாமா?

பதில்: இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அயோடின் பட்டதும் மாவுச்சத்து எஞ்சிய இடமெல்லாம் கருநீலமாக, அது சிதைந்துபோன இடம் மட்டும் நிறமேறாமல் நிற்கிறது. ஆகவே, அந்த வளையம் நொதி சுரந்திருப்பதைக் காட்டுகிறதே தவிர, அதன் அளவைச் சொல்வதில்லை. வேகமாகப் படரும் பூஞ்சைக்கு வளையமும் பெரிதாகவே அமையும். ஊடகத்தை மெல்லியதாக ஊற்றியிருந்தாலும் அது அகலும். எனவே வளையத்தின் விட்டத்தைக் காலனியின் (பூஞ்சை படர்ந்த வட்டத்தின்) விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 25 மி.மீ. காலனியைச் சுற்றிய 30 மி.மீ. வளையத்தின் குறியீடு 1.2, 9 மி.மீ. காலனியைச் சுற்றிய 18 மி.மீ. வளையத்தின் குறியீடோ 2. கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்த இரண்டாவதுதான் மேலும் ஆராயத் தக்கது. அயோடின் நிறம் விரைவில் மங்கிவிடுவதால் ஊற்றியவுடன் அளந்துவிடுங்கள்.

இதுவும் சல்லடை மட்டுமே. தேறியவற்றைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, 1959இல் மில்லர் வெளியிட்ட டைநைட்ரோசாலிசிலிக் அமில முறையில், விடுபடும் சர்க்கரையை அளக்க வேண்டும். பலரும் பிழை செய்வது இங்கேதான். அந்த அமிலம் குளுக்கோஸ், மால்ட்டோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரை எதனோடும் வினைபுரியும் என்பதால், கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்த நொதிக் கரைசலையும் உடன் சோதித்து, அதன் அளவைக் கழிக்காவிட்டால், ஊடகத்தில் மிஞ்சிய சர்க்கரையையும் நொதியின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். குளுக்கோஸ் நிறைந்த உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஊடகமும் இதற்கு உதவாது. எளிய சர்க்கரை கிடைக்கும்வரை பல பூஞ்சைகள் அமைலேஸ் உற்பத்தியை அடக்கியே வைத்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்தப் பூஞ்சை இலையின் உள்ளிருந்துதான் வந்ததா என்பதையும் உறுதிசெய்யுங்கள். எத்தனாலிலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் கழுவிய இலைத் துண்டை, வெட்டும் முன் புதிய ஊடகத்தின் மீது மெல்ல ஒற்றி எடுத்து, அந்தத் தட்டைத் தனியே வையுங்கள். ஒற்றிய தடத்தில் பூஞ்சை முளைத்தால் மேற்பரப்பு சுத்தமாகவில்லை என்று பொருள். அந்தத் துண்டிலிருந்து கிடைத்தவற்றை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

ஃபியூசேரியம், கொலெட்டோட்ரைக்கம் போன்ற பேரினங்கள் நோய் காட்டாமல் இலைக்குள் தங்கியிருந்து பின்னர் நோயாக வெளிப்படக்கூடும்; ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் சில நச்சு சுரப்பவை. ஆகையால் பெருமளவில் வளர்க்கும் முன், ஐ.டி.எஸ். எனும் டி.என்.ஏ. பகுதியின் மரபுவரிசை கொண்டு பேரினத்தையாவது அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.